வண்ணப் பிளாஸ்திரி சுளுக்கைத் தீர்க்குமா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிப் பழகும் மாணவர் சிலரின் கால்களில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள் ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். 1970-களில் ஜப்பானியரான கென்சோ காசே உருவாக்கிய நெகிழ் பிளாஸ்திரி இது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெரி வால்ஷ் இதைத் தோளில் ஒட்டி ஆடியபின் உலகெங்கும் பரவிற்று.

தோலைச் சற்றே தூக்கி, இரத்த ஓட்டத்தைப் பெருக்கி, காயத்தை ஆற்றும் என்பது இதைப் பற்றிய விளம்பரம். 2014-இல் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: பேருக்கு ஒட்டிய போலிப் பட்டையைவிட இது மேலன்று, மேலாயின் அப்பயன் மிகச் சிறிது.

கணக்கிட்டே பார்ப்போமே. 50 கிலோ எடையுள்ளவர் ஓடுகையில் பாதத்தின் மீது ஏறத்தாழ 1000 நியூட்டன் விசை தாக்கும். அது மூட்டின் அச்சிலிருந்து 2 செ.மீ. விலகினால், கணுக்காலைப் புரட்டும் திருப்புத்திறன் 20 நியூட்டன் மீட்டர். அச்சிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒட்டிய பட்டை தனியே இதைத் தடுக்க 500 நியூட்டன் இழுவை தரவேண்டும். அதாவது 50 கிலோ எடையைத் தாங்கவேண்டும். கையால் இழுத்தாலே நீளும் துணி அதைத் தாங்குமா? சுருள்வில் தராசில் மாட்டி நீங்களே இழுத்துப் பாருங்கள். முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் போடும் நாட்டுக் கட்டாவது உலர்ந்து இறுகும்!

நெகிழாத வெள்ளைப் பிளாஸ்திரியின் கதை வேறு. அதுவும் பத்து நிமிட ஓட்டத்தில் தாங்குதிறனில் சுமார் 40 விழுக்காட்டை இழப்பதாக 1962-இலேயே அளந்தனர். ஆயினும் முன்பு சுளுக்கியவர்களுக்கு மறுசுளுக்கு குறைகிறது. தோலில் உணரும் இழுவை காலை எச்சரிக்கிறது என்பர் சிலர்.

2021-இல் டோக்கியோவில் மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா முழங்கால் கட்டுடன் அரையிறுதியில் தோற்றார். கட்டை அவிழ்த்துவிட்டு 8-0 என வென்று வெண்கலம் பெற்றார். இதைக்கொண்டு கட்டே வேண்டாம் என்பது பிழை. வால்ஷின் தங்கத்தைக்கொண்டு பட்டையைப் புகழ்வதும் அதே பிழைதான். ஒரு நிகழ்ச்சி சோதனையாகாது.

எனக்குக் கவலை தருவது பட்டையின் விலையன்று. அது தரும் துணிச்சல். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-இல் ஒரு விதி வகுத்தனர். கணுக்கால் பகுதியில் வலியுள்ளவர் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, இருபுறக் கணுவெலும்பின் பின்விளிம்பை அழுத்துகையில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் பட்டை ஒட்டி ஓடும் மாணவர், முறிந்த எலும்பின் மீதே ஓடிக்கொண்டிருக்கலாம்.