இருக்கட்டும் என்பதும் ஆகட்டும் என்பதும்

பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1970 மார்ச் 6 அன்று இங்கிலாந்தில் வெளியிட்ட ‘லெட் இட் பி’ என்னும் பாடலில் மேரி என்னும் தாயின் பெயர் வருகிறது. அப்பெயரைக் கேட்டதும் அதனை மாதா பாடலாகவே கொள்ளும் ஆவல் நமக்கு எழுவது இயல்பு. ஆனால், பாடலை இயற்றிய பால் மெக்கார்ட்னி நினைத்தது தம்மை ஈன்ற அன்னையை. மருத்துவச்சியாகப் பணியாற்றிய கத்தோலிக்கப் பெண்மணியான அவர் பெயரும் மேரியே. 1956-இல் புற்றுநோயால் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது 14. பின்னாளில் குழுவுக்குள் பிணக்குகள் மலிந்த வேளையில் அத்தாய் கனவில் தோன்றித் தேற்றினார், கனவு பாடலாயிற்று. எனினும், கேட்போர் தத்தம் நம்பிக்கைக்கேற்பப் பொருள் கொள்வதை அவர் தடுக்கவில்லை.

அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் பாடல் 6-ஆம் இடத்தில் நுழைந்து, ஏப்ரல் 11-இல் முதலிடம் எய்தியது. மெக்கார்ட்னி குழுவைவிட்டு விலகும் செய்தி நாளிதழ்களில் வந்ததற்கு மறுநாள் அது! தாய்நாட்டிலோ, நடிகர் லீ மார்வின் பாடிய ‘வாண்ட்ரின் ஸ்டார்’ வழிமறிக்க, இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது.

சரியாக 17 ஆண்டுகள் கழித்து, 1987 மார்ச் 6 அன்று, பெல்ஜியத்தின் சீபுருக் துறைமுகத்தருகே பயணக் கப்பலொன்று கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். அவர்தம் குடும்பங்களின் துயர் துடைக்கக் கலைஞர் பலர் கூடி இப்பாடலை மீண்டும் பாடினர். இம்முறை பிரித்தானியாவில் மூன்று வாரங்கள் அதற்கே முதலிடம். இசைச் சந்தை அன்று மறுத்ததைத் துயரம் அளித்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அக்கப்பல் கவிழ்ந்தது விதியால் அன்று; முகப்புக் கதவுகளை மூடாமலே புறப்பட்ட மனிதர்தம் கவனக்குறைவால். ‘இருக்கட்டும்’ என்னும் ஆறுதல் அழுவோரின் கண்ணீரைத் துடைக்கும். திறந்து கிடக்கும் கதவை மூடாது. இப்பாடலின் வலிமையும் வரம்பும் இதுவே எனக் கருதுகிறோம்.

நாசரேத்தூர்க் கன்னி வானதூதருக்கு அளித்த மறுமொழி ‘இருக்கட்டும்’ என்பதன்று, ‘ஆகட்டும்’ என்பது. முன்னது கைகட்டி நிற்கவும் இடந்தரும். பின்னது பெத்லகேம் முதல் கல்வாரிவரை நடக்கப் பணிக்கும். மெக்கார்ட்னியின் பாடலைக் கேட்டு நாம் ஆறுதல் அடைவோம், அதில் குற்றமில்லை. ஆறுதல் பெற்றபின் எழுந்து நடக்க, நம் அன்னையின் சொல்லையே கேட்போம்.