கல்லூரிப் படங்களும் வினைக்காலமும்

ஒரு கல்லூரி தன் தனித்தன்மையை உணர்த்த உண்மையான நிழற்படங்களையும் வீடியோப் பதிவுகளையும் பயன்படுத்த வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆயின், ‘உண்மையான’ என்னும் அடை எதைச் சுட்டுகிறது என்பது ஆராயத்தக்கது. திருத்தப்படாத படமே உண்மையான படம் என்று கொள்வது போதுமா?

அமெரிக்காவில் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சேர்க்கைக் கையேட்டின் அட்டை இதற்குத் தக்க சான்று. 1993இல் நடந்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்றின் பார்வையாளர் படத்தில் வெள்ளை இனத்தவரே காணப்பட்டனர். 1994இல் எடுக்கப்பட்ட வேறொரு படத்திலிருந்து கறுப்பின மாணவர் ஒருவரின் முகம் கணிப்பொறி வழியாக அதனுள் சேர்க்கப்பட்டது. பல இன மாணவரும் கலந்து நிற்கும் படம் தேடியும் கிடைக்கவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். செய்தி வெளியானபின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது.

இங்குக் கூட்டம் உண்மை. அம்மாணவரும் அங்குப் பயின்றவரே. இரண்டையும் இணைத்த தொடர்பே பொய். சொற்கள் யாவும் மெய்யான பொருள்களைக் குறித்தும் வாக்கியம் பொய்யாதலை இது ஒக்கும்.

இதனை வினைக்கால நோக்கில் விளக்கலாம். தனித்து நிற்கும் படம் ‘மாணவர் கூடினர்’ என இறந்தகாலத்தில் உரைக்கிறது. சேர்க்கைக் கையேட்டில் இடம்பெறும்போது அதுவே ‘மாணவர் கூடுவர்’ என்றாகிறது. தமிழில் இவ்வடிவம் வழக்கத்தையும் எதிர்காலத்தையும் குறிக்கவல்லது. கையேட்டைக் காணும் மாணவர் இஃது இங்குள்ள வழக்கம் என்றும், தமக்கும் இவ்வாறே நிகழும் என்றும் கொள்வர். மேடிசன் அட்டையில் ‘கூடினர்’ என்பதே பொய். அதன்மேல் எழும் உறுதிமொழிக்கு அடிப்படை இல்லை.

திருத்தப்படாத படங்களுக்கும் இக்குறை உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கையேடுகளிலுள்ள 10,000க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த கட்டுரையொன்று, கறுப்பின மாணவர் தம் உண்மையான விகிதத்தைவிட மிகுதியாகப் படங்களில் தோன்றுவதைக் காட்டியது. அரிதாக நிகழ்ந்ததை வழக்கமெனக் காட்டத் தேர்வு ஒன்றே போதும். வீடியோவில் காட்சிகளை வெட்டி ஒட்டுதலும் பின்னணிக் குரலும் அதனை மேலும் எளிதாக்குகின்றன.

ஆகவே, ‘உண்மையான படம்’ என்னும் தொடர் எடுக்கப்பட்ட முறையை மட்டும் சுட்டினால் போதாது. அப்படம் கல்லூரியைப் பற்றிக் கூறும் கூற்றையும் தழுவ வேண்டும். நாள், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றைப் படக்குறிப்பில் தருவது இதற்கு முதற்படி. அக்குறிப்பு படத்தை மீண்டும் ‘கூடினர்’ என்னும் நிலைக்குக் கொணரும். ‘கூடுவர்’ என்பதற்குக் கல்லூரியிடம் தனிச் சான்று கேட்க மாணவர்க்கு இடமளிக்கும்.