யார் வீட்டுப் பெண்? ஆண்டாள் ஆய்வுகளில் ஒரு விடுபடல்

ஆண்டாள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைச் சுற்றியே நடந்துவந்திருக்கின்றன. அவர் காலம் எது? அப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா? அவர் பாடிய காதல் எத்தகையது? ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில், ஆடிப்பூரத்தன்று, துளசியடியில் பெரியாழ்வார் எனப்படும் விஷ்ணுசித்தர் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. ஆனால் எடுத்து வளர்க்கப்பட்ட மகளின் குரலாக அந்தப் பாசுரங்களைப் படித்தவர்கள் குறைவு.

காலத்தைப் பற்றி மு. இராகவையங்காரின் ‘ஆழ்வார்கள் காலநிலை’ விரிவாகப் பேசியது. வெள்ளி எழுந்து வியாழன் மறைவதாகத் திருப்பாவை தரும் குறிப்பை வைத்து அவர் 731-ஆம் ஆண்டைக் கணித்தார். பெரியாழ்வார் பாடும் நெடுமாறனை ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று கொள்பவர்கள் 9-ஆம் நூற்றாண்டு என்பார்கள். ஆண்டாளே பெரியாழ்வாரின் கற்பனைதான் என்று ராஜாஜி எழுதியதும் உண்டு. பிரீட்ஹெல்ம் ஹார்டியின் ‘விரக பக்தி’ (1983), வித்யா தெஹேஜியாவின் மொழிபெயர்ப்பு (1990), அர்ச்சனா வெங்கடேசனின் ‘தி சீக்ரெட் கார்லண்ட்’ (2010) ஆகியவை அவரை உலக வாசகர்களிடம் கொண்டுசென்றன. இவற்றில் மேலோங்கி நிற்பவள் மணப்பெண். மகள் பின்னால் நிற்கிறாள்.

பாசுரங்களிலோ மகள் முன்னால் நிற்கிறாள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என ஆண்டாளின் பாசுரங்கள் 173. திருப்பாவையின் முடிவிலும், நாச்சியார் திருமொழியில் பெரும்பாலான பதிகங்களின் முடிவிலும், தன் பெயரை வளர்த்தவர் பெயரோடு சேர்த்தே அவர் பதிக்கிறார். பட்டர்பிரானின் கோதை, விட்டுசித்தனின் கோதை என்பதுதான் அவர் தரும் முகவரி. வளை கழன்று, உடல் மெலிந்து, மேகத்தையும் குயிலையும் தூது அனுப்பிக் களைத்த பிறகு, 10, 11-ஆம் பதிகங்களின் கடைசிப் பாசுரங்களில் அவர் திரும்புவது அப்பாவிடம். தம் தெய்வத்தை வரவழைக்க விட்டுசித்தருக்கு முடிந்தால் அதைப் பார்ப்போம் என்கிறார் ஒன்றில். அரங்கன் கொடுத்த வாக்கை விட்டுசித்தர் கேட்டிருப்பார் என்கிறார் மற்றொன்றில். பக்தியே கைவிட்டதுபோல் தோன்றும் இடத்தில் அவருக்கு மிஞ்சியிருப்பது வளர்த்தவரின் பக்தி. இதைத் தலைவி பாடலின் மரபு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அகப்பாடலின் தலைவி தந்தையின் பெயரைக் கையொப்பமாக இடுவதில்லை.

பெரியாழ்வார் பக்கமும் இதே இழை ஓடுகிறது. திருப்பல்லாண்டோடு சேர்த்து 473 பாசுரங்கள் பாடிய அவர், கண்ணனை யசோதையாக நின்று தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், பூச்சூட்டுகிறார். பெற்றும் வளர்க்கக் கிடைக்காத தேவகியின் புலம்பலைப் பாடியவர் குலசேகராழ்வார். பெறாமல் வளர்த்தவளின் பூரிப்பைப் பாடியவர் பெரியாழ்வார். ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்தேன், மால் கொண்டுபோய்விட்டான் என்று ஒரு தாய் அழும் பாசுரமும் அவருடையதே. அதை வாழ்க்கைக் குறிப்பாக எடுத்துக்கொள்வது மரபு. உடன்போக்கில் மகளை இழந்த தாயின் கூற்று அது என்று எச்சரிப்பது இலக்கண அறிவு. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்று ஏதுமில்லை. சொந்தத் துயரைச் சொல்ல மரபில் ஏற்கெனவே ஒரு குரல் இருந்தால் கவிஞன் அதைத்தான் எடுப்பான்.

இப்படி அமைந்த உறவை வைணவம் மேலும் விரித்தது. அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டு பாடினார் ஆண்டாள். அந்த நேர்ச்சையைப் பின்னாளில் இராமாநுசர் நிறைவேற்றியதால் அவர் ஆண்டாளுக்கு அண்ணன் ஆனார். காலத்தால் பிந்தியவர் முறையால் மூத்தவரானது, தங்கையின் கடனை ஏற்றதால்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலும் இந்த உறவையே சொல்கிறது. கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடாழ்வாரும் நிற்கிறார், பெரியாழ்வாரோ கருடனின் அம்சமாகப் போற்றப்படுபவர். மார்கழியில் பகல்பத்துத் தொடக்கத்தில் ஆண்டாள் தன் பிறந்தகத்துக்கு எழுந்தருள்வார். பெரியாழ்வார் வம்சத்தார் காய்கனிகளைப் பரப்பி வரவேற்கும் அந்த நிகழ்ச்சிக்குப் ‘பச்சைப் பரத்தல்’ என்று பெயர். மறுவீடு வரும் பெண்ணுக்குச் செய்யும் உபசாரம் அது. கண்டெடுத்த வீடே பிறந்த வீடு என்பதை ஊர் ஆண்டுதோறும் உறுதிசெய்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ அந்த வீட்டின் அடுப்பங்கரைவரை போகிறது. அடைமழையிலும் அடியார்களுக்குச் சோறு குறையாத வீடாக விஷ்ணுசித்தரின் இல்லத்தை அது காட்டுகிறது. வந்தவரையெல்லாம் உறவாக ஏற்கும் வீட்டில்தான் குழந்தையும் வந்து சேர்கிறது.

இத்தனை சான்றுகள் இருந்தும், 2018 ஜனவரியில் பக்கத்து ஊரான இராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரை பெரும் சர்ச்சையானது. ஆண்டாளைத் தேவதாசி என்று குறித்த ஓர் ஆய்வு வரியை அவர் மேற்கோள் காட்டியிருந்தார். எதிர்ப்பு எழுந்தது, அவரும் வருத்தம் தெரிவித்தார். அந்த வாரங்களில் குலமும் கௌரவமும் உரக்கப் பேசப்பட்டன. தான் யார் மகள் என்று ஆண்டாளே எழுதி வைத்திருப்பதை எடுத்துப் பேசியவர்கள் சிலரே.

இனி நடக்க வேண்டிய ஆய்வு இதுதான். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்த மாநிலம் இது. கண்டெடுத்த பெண்ணை நாச்சியார் என்று தொழுததும் இதே நிலம். இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து, வளர்ப்பு உறவின் வரலாறாகப் பெரியாழ்வார் திருமொழியையும் நாச்சியார் திருமொழியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், பெற்றவர் யார் என்ற கேள்வியை ஆண்டாள் ஓரிடத்திலும் எழுப்பவில்லை என்பது நம் ஆராய்ச்சிக்கே ஒரு திருத்தமாக அமையும்.