குப்பை என்றொரு சொல்: தண்ணீர் வைத்தவர்கள் மீதான வழக்குகளை வாசித்தல்

'தண்ணீர் கொடுத்தல்' என்று ஒரு குற்றத்தை எந்த அரசும் எளிதில் எழுதிவிடாது. எழுதினால் எழுதுகிற கைக்கே கூசும். எனவே வேறு பெயர் தேடவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் அரிஸோனா பாலைவனத்தில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிக் குடிதண்ணீர்க் கேன் வைத்தவர்கள்மீது 2008 முதல் போடப்பட்ட வழக்குகளை இங்கே பிரதிகளாக வாசிக்கிறேன். நியாயம் யார் பக்கம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இரக்கத்தைச் சட்டம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பதே என் அக்கறை.

முதலில் அந்த நிலம். 1994இல் அமெரிக்க எல்லைக் காவல் படை வகுத்த திட்டம் நகரங்களை ஒட்டிய எல்லைப் பாதைகளை அடைத்தது. வருகிறவர்கள் கரடுமுரடான நிலத்துக்குத் தள்ளப்படுவார்கள், பயந்து வரத்து குறையும் என்பது கணக்கு. ஆனால் வரத்து நிற்கவில்லை, பாதைதான் மாறியது. பாலைவனத்தில் பிணங்கள் விழுந்தன. ஆக, அங்கே வெயிலும் தாகமும் வெறும் இயற்கை இல்லை. எல்லைக் காவலின் சம்பளமில்லாத சிப்பாய்கள் அவை. அந்த இடத்தில் ஒரு கேன் தண்ணீர் வைப்பதென்பது அரசின் ஆயுதத்தை மழுக்குகிற காரியம். சும்மா விடுமா? ஆனால் 'தாகத்தைத் தடுத்தான்' என்று குற்றப் பத்திரிகையில் எழுத முடியாதே.

2008 பிப்ரவரியில் 'நோ மோர் டெத்ஸ்' (இனிச் சாவு வேண்டாம்) என்ற அமைப்பின் தொண்டர் ஒருவர், புவனோஸ் அயர்ஸ் வனவிலங்குச் சரணாலயத்தில் தண்ணீர்க் கேன்களை வைத்தபோது பிடிபட்டார். சில நாட்களுக்கு முன்புதான் அவர் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் சடலத்தைப் பாலைவனத்தில் கண்டெடுத்திருந்தார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம்: குப்பை கொட்டியது. குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. எப்படி? குடிப்பதற்காக வைத்த, நீர் நிறைந்த கேன் 'குப்பை' என்ற சொல்லுக்குள் வருமா என்பது தெளிவில்லையாம். தெளிவில்லாத இடத்தில் சலுகை குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகவேண்டுமாம். தீர்ப்பு அகராதியைப் புரட்டியே முடிந்துவிட்டது. செத்துப்போன சிறுமி அதன் தர்க்கத்துக்குள் வரவே இல்லை. போகிற போக்கில் இன்னொரு காரியமும் நடந்தது. பொருளைக் கைவிட்டுச் செல்லுதல், அனுமதி பெறாமை போன்ற வேறு விதிகளின்கீழ் வழக்குப் போட்டிருந்தால் என்னவாகும் என்பதை முடிவு செய்யாமல் திறந்து வைத்தார்கள் நீதிபதிகள். இந்த வரியை அரசு கவனமாகப் படித்ததா, நான் அறியேன். பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

(இடையில் இன்னொரு தொண்டருக்கு 2009இல் இதே குப்பைக் குற்றத்துக்காக 300 மணி நேரம் குப்பை பொறுக்கும் தண்டனை கிடைத்தது. அதற்குப் பெயர் சமூக சேவை! சேவை செய்தவனுக்குச் சேவையே தண்டனை.)

2017 ஜூலையில் கபேசா பிரியேத்தா சரணாலயத்தின் அனுமதிச் சீட்டு திருத்தப்பட்டது. உணவு, தண்ணீர், போர்வை, மருந்து எதையும் விட்டுச்செல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகலாம். கை கூசுகிற சொல் கடைசியில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் சட்டத்தில் அல்ல, ஒரு படிவத்தில். அதிகாரம் இப்படிச் சில்லறைக் காகிதங்களில்தான் தன் மனசைத் திறக்கிறது. இதே சரணாலயத்தில் மலையாடுகளுக்கும் மான்களுக்கும் நிர்வாகமே தண்ணீர்த் தொட்டி பராமரிக்கிறது என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். அந்தச் சீட்டில்லாமல் உள்ளே போய்த் தண்ணீரும் பீன்ஸ் டப்பாக்களும் வைத்த நான்கு பெண்கள் 2019 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார்கள். அனுமதியின்றி நுழைந்தார்கள், பொருளைக் கைவிட்டார்கள். ஆளுக்கு 250 டாலர் அபராதம், 15 மாத நன்னடத்தைக் காலம்.

'இவ்வளவு சின்னத் தண்டனைதானா, இதைப்போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சின்னதாக இருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிறு குற்றங்களுக்கு அங்கே ஜூரி விசாரணை உரிமை கிடையாது. அந்த நால்வரின் வழக்கை ஒரு மாஜிஸ்திரேட்தான் முடித்தார். மாறாக, இதே அமைப்பின் இன்னொரு தொண்டர்மீது 2018இல் அடைக்கலம் கொடுத்ததாகப் பெருங்குற்றம் சுமத்தினார்கள். ஜூரி வந்தது. முதல் விசாரணையில் அது ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, 2019 நவம்பரில் நடந்த இரண்டாவது விசாரணை அவரை விடுவித்தது. பெருங்குற்றம் என்றால் அரசு தன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சில்லறைக் குற்றத்தில் அந்தத் தொல்லை இல்லை. எல்லைக் காவலர்கள் தண்ணீர்க் கேன்களை எட்டி உதைப்பதும் தண்ணீரைக் கொட்டுவதும் பதிவான வீடியோவை 2018 ஜனவரியில் அந்த அமைப்பே வெளியிட்டது. உடைந்த பிளாஸ்டிக்கைப் பாலைவனத்தில் போடுவது குப்பை கொட்டுவதா என்று எந்த நீதிமன்றத்திலும் அகராதி புரட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரான்சில் 'விருந்தோம்பல் குற்றம்' என்ற சொற்சேர்க்கையைக் கேட்டு அதிர்ந்ததைப்பற்றி 1996இல் தெரிதா பேசினார். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பாக இருக்கிற சொல்லோடு 'குற்றம்' ஒட்டி நிற்பது நமக்கும் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருந்தது. அதை எதிர்த்துச் சண்டை போட ஓர் இடம் கிடைத்தது. 2018இல் பிரான்சின் அரசியல் சட்ட அவை சகோதரத்துவம் என்ற கோட்பாட்டின் பேரில் அந்தக் குற்றத்தைப் பாதியாவது தளர்த்தவேண்டி வந்தது. பாதி ஏனென்றால், எல்லை தாண்ட உதவுவது அதற்குப் பிறகும் குற்றமாகவே நீடித்தது. குப்பை என்ற சொல்லோடு எந்தக் கோட்பாட்டை வைத்து மோதுவது?

நால்வரின் தண்டனையும் 2020 பிப்ரவரியில் ரத்தானது. அரசின் வாதத்தில் இருந்த தர்க்கம் கோரமானது என்று நீதிபதி எழுதினார். நல்லது. ஆனால் விடுதலைக்கு ஆதாரமாக நின்றது 1993ஆம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டம். தண்ணீர் வைத்தது அவர்களுடைய ஆன்மிக நம்பிக்கையின் வெளிப்பாடாம். கடவுளும் வேண்டாம், ஆன்மிகமும் வேண்டாம் என்கிற ஒருத்தி நாளை அதே கேனை வைத்தால் அவளுக்கு என்ன கதி? மேலும், இந்தச் சொல்லாடலில் கொடுத்தவரின் மனசு மட்டும்தான் அளக்கப்படுகிறது. அது எவ்வளவு தூய்மை, எவ்வளவு உண்மை என்று. குடிக்க வந்தவரின் தாகம் எந்தத் தராசிலும் ஏறவில்லை.

வழக்கறிஞர்கள் கிடைத்த கதவைத் தட்டினார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இயக்க வேலை செய்கிறவர்கள் இதைப் பேசித்தான் ஆகவேண்டும்: கூண்டில் நிற்கும்போது 'இரக்கப்பட்டேன் ஐயா' என்பதா, 'உங்கள் திட்டத்தை மறித்தேன்' என்பதா? முதலாவதைச் சொன்னால் 250 டாலரோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதைச் சொன்னால் சில்லறைக் குற்றம் பெருங்குற்றமாக மாறலாம், ஜூரியும் வரலாம்.