ஃபிலிம் போடுமுன்பே தெரிந்துவிடும்

லைக்கா எம் வரிசை போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸுக்கு மேலே பதித்த ஒரு சின்ன ஜன்னல் வழியாக. எந்த லென்ஸை மாட்டினாலும் அந்த ஜன்னலில் உலகம் ஒரே மாதிரிதான் இருக்கும், எல்லாம் தெளிவாக. லென்ஸ் தன் பங்குக்கு என்ன செய்தது என்பது ஃபிலிமைக் கழுவின பிறகுதான் தெரியவரும். எஸ்.எல்.ஆர். கதை வேறு. லென்ஸுக்குள் நுழைந்த அதே வெளிச்சம் மிரரில் பட்டு மேலே ஏறி, சொரசொரப்பான கண்ணாடித் திரையில் விழுந்து, பென்டாபிரிஸத்துக்குள் புரண்டு நம் கண்ணுக்கு வருகிறது. லென்ஸின் நிறம், மென்மை, பிடிவாதம் எல்லாம் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே கண்ணில் படும். ஃபிலிம் ரோல் போடாத கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் அரை மணி நேரம் சுற்றுகிறவர்களை வீட்டில் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். அது வீண்பொழுது இல்லை என்பது என் கட்சி.

லென்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது கூர்மை. ஃபிலிமுக்கு அது அரைப் பிரச்சினைதான். 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எஃப்/8-ல் எடுத்தால், நல்ல 50 மி.மீ. லென்ஸ்கள் பத்தை வரிசையாக வைத்தாலும் எந்தப் படம் எதில் எடுத்தது என்று எடுத்தவருக்கே சொல்ல வராது. ஃபிலிமின் மணிகள் எல்லாவற்றையும் சமன் செய்துவிடும். வித்தியாசம் இருப்பது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்திருக்கும்போது. வியூஃபைண்டரில் நாம் பார்ப்பதும் அந்த நிலையில்தான்.

இத்தனை வசதி தருகிற மிரர்தான் லென்ஸ் வடிவமைத்தவர்களுக்குப் பெரிய தலைவலியும். படம் எடுக்கும் கணத்தில் அது மேலே எழ வேண்டும், எழுவதற்கு இடம் வேண்டும். பழைய எம் 42 திருகு மவுன்ட்டில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 45.46 மி.மீ. வேகமான 50 மி.மீ. லென்ஸைச் செய்தால் அதன் பின்பக்கக் கண்ணாடி மிரரை இடிக்கும் என்ற பயத்தில் 55, 58 என்று கொஞ்சம் நீளமாகவே செய்தார்கள். ட்ரெஸ்டன் நகரத்தில் இஹாகீ நிறுவனம் 1936-ல் கொண்டுவந்த கினே எக்ஸாக்டா, 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். வம்சத்துக்கு மூத்தது. அந்தக் கேமராவுக்கு ஸைஸ் நிறுவனம் செய்துகொடுத்த வேகமான லென்ஸ் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2. தலைவலிக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத லாபம் ஒன்று இருந்தது. பின்னால் வந்த பல எஸ்.எல்.ஆர்.களில் 58 மி.மீ. லென்ஸை மாட்டினால் வியூஃபைண்டரில் தெரியும் உருவம் கிட்டத்தட்ட வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே இருக்கும். இன்னொரு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம். பழகிவிட்டால் 50-க்குத் திரும்ப மனம் வராது.

பயோட்டாரின் வடிவத்தை யுத்தத்துக்குப் பிறகு சோவியத் ஆலைகள் எடுத்துக்கொண்டன. அப்படிப் பிறந்ததுதான் ஹீலியோஸ் 44. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் தயாரித்த ஸெனிட் கேமராக்களோடு இது லட்சக்கணக்கில் வெளியே போனது. இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. 44-2 என்ற ரகத்தைக் கையில் எடுத்தால் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் இருப்பது தெரியும். ஒன்றில் எஃப்/5.6 என்று முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டாவது வளையம் சொடுக்கு இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுழலும்: முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, தட்டுப்படும் வரை திருப்பினால் 5.6-ல் போய் நிற்கும். திருப்பும்போது எட்டுத் தகடுகளும் மூடிக்கொண்டு வர, வியூஃபைண்டர் இருட்டிக்கொண்டு வரும். அதோடு பின்னணி மெல்ல மெல்ல உருக்கொள்ளும். தானாக மூடும் அப்பர்ச்சர் வந்தபிறகு இந்தக் காட்சியை அநேகம் பேர் பார்த்ததே இல்லை.

ஹீலியோஸுக்குப் புகழ் வந்தது சுழலும் பின்னணியால். இரண்டு மீட்டரில் ஓர் ஆள், அவருக்குப் பின்னால் இன்னும் சில மீட்டர் தள்ளி வேப்பமரமோ புங்கமரமோ, அப்பர்ச்சர் எஃப்/2. இலைகளுக்கு நடுவே தெரியும் வெளிச்சப் புள்ளிகள் முகத்தைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு ஓடும். சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் குழலே வெட்டிவிடுவதால், நடுவில் வட்டமாக இருக்கும் புள்ளி ஓரத்தில் பூனைக்கண் போல் ஒடுங்குகிறது. ஒடுங்கிய புள்ளிகளெல்லாம் மையத்தைச் சுற்றி வரிசை பிடித்து நிற்கும்போது சுழல் தோன்றுகிறது. கண்ணாடியின் குறைகளும் தம் பங்குக்குக் கூட்டிக்கொடுக்கின்றன. முதல் ரோலுக்கு வேடிக்கைதான். அதற்குப் பிறகு எல்லாப் படமும் ஒரே படம். என்னைக் கேட்டால் ஹீலியோஸின் நிஜமான குணம் இந்த வித்தையில் இல்லை, அதன் சாதுவான கான்ட்ராஸ்ட்டில் இருக்கிறது. அதன் கோட்டிங் எளிமையானது, உள்ளே கொஞ்சம் வெளிச்சம் சிதறி நிழலுக்குள்ளும் இறங்கும். நம் ஊர் நண்பகல் வெயிலில் வெளுத்த சுவரும் கருத்த திண்ணையும் ஒரே சட்டத்துக்குள் வரும்போது, நவீன லென்ஸ் நிழலைக் கரியாக்கிவிடும் இடத்தில் இது எஃப்/4-ல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

கோட்டிங் என்று சொன்னேன். எஸ்.எல்.ஆர். நார்மல் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், ஸைஸின் பால் ருடால்ஃப் 1896-ல் வரைந்த பிளானார். அபாரமான வடிவம், ஆனால் அந்தக் காலத்தில் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் அதன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் அதிகம் என்பதால், திரும்பிய ஒளியெல்லாம் உள்ளேயே அலைந்து படத்தில் வெண்மூட்டமாகப் படிந்தது. 1935-ல் அதே ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ணாடிமேல் மெல்லிய பூச்சுப் படிய வைக்கும் முறையைக் கண்ட பிறகுதான் இந்தக் குடும்பத்துக்கு விடிவு பிறந்தது. ஒற்றைப் பூச்சு பல பூச்சானது. 1971-ல் அஸாஹி பென்டாக்ஸ் ஏழடுக்குப் பூச்சோடு சூப்பர் மல்டி கோட்டட் டக்குமார்களைக் கொண்டுவந்தபோது, சூரியனைச் சட்டத்துக்குள்ளேயே வைத்துப் படமெடுக்கும் துணிச்சல் சாதாரண ஆட்களுக்கும் வந்தது.

டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம். 1964 வாக்கில் வந்த முதல் சூப்பர் டக்குமாரில் எட்டுக் கண்ணாடிகள். சேகரிப்பாளர்கள் அதைத்தான் தேடி அலைவார்கள். பின்பக்கக் கண்ணாடி சற்றுத் துருத்திக்கொண்டிருப்பதை வைத்து அடையாளம் காண்பார்கள். அதை அடுத்து வந்த ஏழு கண்ணாடி ரகத்தில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. தோரியம் சேர்த்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கூடும், நிறப்பிரிகை கூடாது. லென்ஸ் வடிவமைப்பவருக்கு அது வரம். விலை என்னவென்றால், தோரியத்தின் கதிரியக்கம் பல வருடங்களில் கண்ணாடியையே பழுப்பேற்றிவிடும். வெள்ளைத் தாளின்மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் டிகாஷன் நிறம் தெரியும். டிஜிட்டலில் ஒயிட் பேலன்ஸ் சரிசெய்துவிடும். ஸ்லைடு ஃபிலிமில் அப்படிச் சரிசெய்ய வழியில்லை, எல்லாப் பகலும் மாலையாகிவிடும். லென்ஸைப் பல நாள் வெயிலில் வைத்தாலோ புற ஊதா விளக்கடியில் வைத்தாலோ பழுப்பு பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் கறுப்பு வெள்ளை எடுப்பவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பேன். அந்தப் பழுப்பு மெல்லிய மஞ்சள் ஃபில்டரின் வேலையைச் செய்யும்: வானம் ஒரு படி இறங்கும், மேகம் எடுப்பாகத் தெரியும். லென்ஸ் வழியே வெளிச்சத்தை அளக்கிற ஸ்பாட்மேட்டிக் கேமராவில் குறைந்த ஒளிக்குத் தனிக் கணக்கும் போட வேண்டியதில்லை.

டக்குமாரின் ஃபோகஸ் வளையத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. விரல் நுனியால் தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். எங்கேயும் இறுக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஐம்பது வருடத்துக் கிரீஸ் காய்ந்துபோன பிரதிகளும் உண்டு. அவற்றைத் திறந்து சுத்தம் செய்து புதுக் கிரீஸ் போட்டுத் தரும் கைதேர்ந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இனி என் செல்லப்பிள்ளை: நிக்கோர் 105 மி.மீ. எஃப்/2.5. நிக்கான் இதை முதலில் ரேஞ்ச்ஃபைண்டருக்காகச் செய்தது. 1959-ல் நிக்கான் எஃப் வந்தபோது எஸ்.எல்.ஆருக்கு மாறி வந்தது. ஆரம்பத்தில் உள்ளே இருந்தது ஸைஸின் லுட்விக் பெர்டெலெ உருவாக்கிய சொன்னார் வடிவம். 1971-ல் காஸ் வகை வடிவத்துக்கு மாற்றினார்கள். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பெஷாவரை ஒட்டிய நாசிர் பாக் அகதி முகாமில் கோடக்ரோம் 64 ஃபிலிமில் எடுத்த பச்சைக்கண் ஆப்கன் சிறுமியின் படம் இந்த 105-ல் எடுத்ததுதான். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த அந்தப் படம் லென்ஸுக்கு வாங்கிக்கொடுத்த பேர் கொஞ்சமல்ல. அது இல்லாமலேயே இந்த லென்ஸ் பேர் வாங்கியிருக்கும்.

இதை வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். ஒன்றரை மீட்டரில் ஒரு முகம். வளையத்தைத் திருப்பத் திருப்ப முதலில் மூக்கு நுனி, பிறகு கன்னத்து எலும்பு, பிறகு சட்டென்று இமை முடிகள். 58-ல் ‘இதுவா அதுவா’ என்று முன்னும் பின்னும் போய்வரும் கை இங்கே ஒரே திருப்பில் நின்றுவிடும். எஃப்/2.5 என்றால் வேகம் குறைவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த அடக்கத்தால்தான் லென்ஸ் முழுத் திறப்பிலேயே யோக்கியமாக இருக்கிறது, 52 மி.மீ. ஃபில்டர் போதுமென்ற உருவத்திலும் இருக்கிறது. இரண்டு வடிவங்களில் எது உசத்தி என்ற வழக்கு தீராது. கிட்டத்தில் எடுப்பதற்குப் புதியது சந்தேகமில்லாமல் மேல். பழைய சொன்னாரில் ஃபோகஸுக்கு வெளியே போகிற இடம் கொஞ்சம் சோம்பலாக, அவசரமில்லாமல் கரையும். எனக்கு அந்தச் சோம்பல் பிடிக்கும்.

அகலக்கோண லென்ஸ்களில் என் ரசனை சுருதி இறங்கிவிடும், அதற்குக் காரணமும் மிரர்தான். 35 மி.மீ., 28 மி.மீ. லென்ஸை நேர்வழியில் செய்தால் அது மிரர் இருக்கும் இடத்திலேயே போய் நிற்கும். பிரான்சில் பியேர் ஆன்ஷெனியு 1950-ல், முன்னால் ஒளியை விரிக்கும் பெரிய கண்ணாடியை வைத்து, ஒளி குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளும் ரெட்ரோஃபோகஸ் 35 மி.மீ.-ஐக் கொண்டுவந்தார். எஸ்.எல்.ஆரில் அகலக்கோணம் சாத்தியமானது அப்படித்தான். ஆனால் இந்த லென்ஸ்களில் திரையில் எல்லாமே ஃபோகஸில் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். ஒலிம்பஸில் யோஷிஹிஸா மைட்டானி ஓஎம்-1 கேமராவுக்குக் கொடுத்த மாபெரும் வியூஃபைண்டரில்கூட ஸூய்க்கோ 28 மி.மீ. எஃப்/3.5-ஐக் கண்ணை நம்பி ஃபோகஸ் செய்ய நான் முயல்வதில்லை. எஃப்/8 வைத்து, வளையத்தை மூன்றேகால் மீட்டரில் நிறுத்தினால் ஒன்றரை மீட்டர் சொச்சத்திலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. வேலை முடிந்தது. ரசிக்க அதில் என்ன இருக்கிறது?

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள், குறிப்பாகக் கடலோர ஊர்க்காரர்கள், டார்ச் அடித்துப் பூஞ்சை பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. சிலந்தி நூல்போல் கிளைத்திருக்கும் பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும், அது கோட்டிங்கை அரித்த தடம் போகாது. தோல் உறைதான் அதற்கு உகந்த வீடு. உறையைத் தூர வைத்துவிட்டு லென்ஸைச் சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

நவீன லென்ஸுக்கு வருவோம். ஃபிலிம்காரருக்கு முதல் கேள்வி, அது கேமராவில் வேலை செய்யுமா என்பதே. நிக்கானின் ‘ஜி’ வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. எஃப்எம் 2 மாதிரி கேமராவில் மாட்டினால் மிகச் சிறிய துளையிலேயே படம் எடுக்கும். மின்சாரத்தால் இயங்கும் ‘இ’ வகையோ நேரெதிர், மூடவே மூடாது. கேனன் இஓஎஸ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1987-ல் இஓஎஸ் 650-யோடு வந்த அதே மவுன்ட் என்பதால், 2012-ல் வந்த 40 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் அந்த முதல் கேமராவிலும் ஆட்டோஃபோகஸோடு ஓடும். சிக்மா 50 மி.மீ. எஃப்/1.4 ஆர்ட் லென்ஸும் ஓடும். அதில் 13 கண்ணாடிகள், எடை 815 கிராம். ஹீலியோஸ் ஆறே கண்ணாடியில் குடும்பம் நடத்தியது. சிக்மாவில் ஓரம் வரை கூர்மை, முழுத் திறப்பிலும் குறை சொல்ல இடமில்லை. இருந்தும் அதன் படங்களைப் பார்த்து ‘இது அதுதான்’ என்று எனக்குச் சொல்ல வருவதில்லை.

இன்னொரு சங்கடம்: ஆட்டோஃபோகஸ் காலத்து வியூஃபைண்டர் திரைகள் பளிச்சென்று இருப்பதற்காகச் செய்தவை, ஏறக்குறைய எஃப்/2.5-க்கு மேற்பட்ட திறப்பின் மங்கலை அவை காட்டுவதே இல்லை. எஃப்/1.4-க்குக் கொடுத்த பணம் படத்தில் தெரியும், கண்ணில் தெரியாது. அதனால் புது லென்ஸைப் பழைய கேமராவில் மாட்டுவதுதான் என் வழக்கம். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு, கோசினா நிறுவனம் ஃபோக்லேண்டர் பேரில் செய்த நோக்டன் 58 மி.மீ. எஃப்/1.4 இருக்கிறது: உலோக உடம்பு, அப்பர்ச்சர் வளையம், பழைய 58-ன் பார்வை, இன்றைய கோட்டிங்.

நான் பென்டாக்ஸ் பக்கம். 24-க்கு 36 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 43.27 மி.மீ.; அதை அப்படியே குவியத்தூரமாக வைத்து 1997-ல் வந்தது எஃப்ஏ 43 மி.மீ. எஃப்/1.9 லிமிடெட். வெறும் 155 கிராம். 2021-ல் புதுக் கோட்டிங்கோடு மறுபடி வெளியிட்டார்கள். முழுத் திறப்பில் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரம் சற்று இளகியும் இருக்கும். அளந்து பார்க்கிறவர்கள் அதற்கு மார்க் குறைப்பார்கள். நான் அதை 1976-ன் எம்எக்ஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். திரையின் நடுவே பிளவுபட்ட வட்டம், அதைச் சுற்றி நெளியும் மைக்ரோபிரிஸம், வியூஃபைண்டர் கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் வரை விரிந்து நிற்கும் படம். ஆட்டோஃபோகஸுக்கென்று பிறந்த லென்ஸைக் கையால் திருப்பிக்கொண்டிருக்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வளையம் டக்குமாரைப்போல் வழுவழுவென்று வராதுதான். கொஞ்சம் லேசாக, கொஞ்சம் துள்ளலாக வரும். பிளவு சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.