நிறுவலும் மேம்படுத்தலும்: நம் மரபுகளும் இன்றைய தரமும்

மன்ற மலர்க் குழுத் தலைவர் எழுதச் சொன்னார்; மூத்தவர் சொல்லைத் தட்ட முடியவில்லை. லினக்ஸில் மென்பொருள் நிறுவும் வழிகளை நம் உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பரம்பரைகளைத் தொட்டுக்காட்டிவிட்டு நம் வழிக்கு வந்துவிடுகிறேன்.

இன்றும் உயிரோடிருப்பவற்றில் மூத்தது ஸ்லாக்வேர். சார்ந்த பொதிகளை அதன் கருவி தேடித் தராது, நாம்தான் தேட வேண்டும். அந்தக் கண்டிப்பில் பழகியவர்கள் மன்றத்தில் இப்போது ஒரு கை விரலுக்குள். ரெட்ஹேட் வழியில் வந்த ஃபெடோரா 2015-இல் யம் என்ற பொதிக் கருவியை விட்டு டி.என்.எஃப்.புக்கு மாறியது. அதன் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதமே ஆயுள். ஆர்ச் வழியினருக்குப் பதிப்பு என்பதே கிடையாது. நல்ல நண்பர்கள், அதற்கு மேல் சொல்லவில்லை.

நாம் டெபியன் வழி. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. உபுண்டு அதன் கிளை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் இருந்ததால், ராசிங்காபுரம், சிலமலை வீடுகளுக்குள்ளும் டெபியன் வந்து சேர்ந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

பதிப்பு மேம்படுத்தலுக்கு எங்கள் வாத்தியாரின் பாடம் இதுதான்: வெளியீட்டுக் குறிப்பை முழுக்கப் படி. ஹோம் அடைவை வேறு வட்டில் நகலெடு. வெளிக் களஞ்சியங்களை அணைத்துவை. பதிப்பைத் தாண்டிக் குதிக்காதே. டெபியன் 11-லிருந்து 13-க்குப் போக 12 வழியாகத்தான் போக வேண்டும். முதலில் சிறு மேம்படுத்தல், பிறகு முழு மேம்படுத்தல். ஆப்ட் நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலை வரிவரியாக வாசிக்காமல் ‘ஒய்’ தட்டினால் அன்று பாடம் அதோடு முடிந்தது. மலையில் மழை பிடித்தால் பாதியில் கரண்ட் போகும். சீடர்கள் பதறுவார்கள். அவர் டி.பி.கே.ஜி.யிடம் அரைகுறையாக நின்ற பொதிகளை அமைத்து முடிக்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இன்று? யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இளைஞர்களின் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால் எங்கோ பார்த்த கட்டளையை சூடோ போட்டு ஒட்டுகிறார்கள். அது எதைச் செய்யும் என்று கேட்டால் ‘வேலை செய்யுது அண்ணே’ என்கிறார்கள். டெபியன் கணினியில் உபுண்டுவின் பி.பி.ஏ.வைச் சேர்க்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயோடு சருகுக் காயைக் கலந்து ஏலத்துக்கு அனுப்பினால் போடி வியாபாரி சும்மா விடுவாரா? கணினி முரண்டு பிடித்தால் உடனே வட்டை அழித்துப் புதிதாக நிறுவல்! பிழைச்செய்தியைக் கடைசி வரி வரை வாசிக்கும் பொறுமை போய்விட்டது. கையேடு படிப்பதும் போயிற்று, மூத்தவரிடம் கேட்பதும் போயிற்று. கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடக்கூட ஆளில்லை. இப்படியே போனால் இந்த வட்டாரத்தில் இன்னும் பத்தாண்டில் ஒரு சோர்ஸ் கோப்பைத் திருத்தத் தெரிந்தவர் மிஞ்சமாட்டார். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. 32-பிட் பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதற்கு மாற வேண்டாம் என்று வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. அத்தகைய கணினி உள்ள உறுப்பினர்கள் 12-லேயே இருந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் நகலெடுத்த வட்டோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து மேம்படுத்துவோம்.