குற்றப் பதிவில் கைகாடிப் பேச்சு

பம்பாய் மாகாணத்துக் கைகாடியரின் பேச்சை, கிரியர்சனின் இந்திய மொழியளவையின் நான்காம் தொகுதி (1906) குறவர் பேச்சோடு சேர்த்துத் தமிழின் கிளைமொழிகளுள் வைத்தது. ஈராண்டு கழித்து, அம்மாகாணக் காவல்துறைத் தலைவர் கென்னடி எழுதிய குற்ற வகுப்பினர் பற்றிய கையேடு (1908) வெளிவந்தது. அதில் ஒவ்வோர் இனத்தின் பேச்சும் தோற்றம், உடை, களவுமுறை ஆகியவற்றோடு ஓர் அடையாளமாகவே இடம்பெறுகிறது. அங்கே மொழி ஒரு தடயம். மொழி பேசுவோன் ஐயத்திற்குரியவன்.

நன்னூலார் குழூஉக்குறியைத் தகுதி வழக்கினுள் அடக்கினார். உரையாசிரியர்கள் அதற்குப் பொற்கொல்லர் சொல்லை எடுத்துக்காட்டுவர். பொற்கொல்லருக்கு வழக்காக அமைவது கைகாடியருக்கு மட்டும் குற்றச் சான்றாவது எவ்வாறு? வேறுபாடு சொல்லில் இல்லை. பதிவு செய்வோரின் நோக்கிலேயே உள்ளது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தியமைக்கப்பட்டுப் பம்பாய், சென்னை மாகாணங்களிலும் நடைமுறைக்கு வந்தபோது, இந்நோக்கு மேலும் வலுப்பெற்றது.

அச்சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. கைகாடி இனத்தவரான இலட்சுமண் மானேயின் 'உபரா' (1980) என்னும் தன்வரலாறு, பதிவு செய்யப்பட்டோரின் பக்கத்திலிருந்து எழுந்த குரல். எனினும் அது மராத்தியில் எழுந்தது. ஆதலின் காவல் கையேடுகளிலிருந்து கிளைமொழிச் சொற்களைத் திரட்டுவோர், அவை எவரிடம், எந்நிலையில் பெறப்பட்டன என முதற்கண் வினவுதல் வேண்டும். அச்சத்தில் கூறிய சொற்களைக் கொண்டு ஒரு மொழியின் இயல்பை வரையறுத்தல் ஆய்வு நெறியன்று.